பூஜ்யத்துக்குப் பதில் மூன்று

லுபோமிர் எந்தத் திருத்தத்தையும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. கடைசியில் என்ன விடை திருப்பித் தருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். ஒரு கையில் கசகசா தூவிய ரொட்டி. பாதி கசகசா விசைப்பலகையில்தான் இருக்கும். செக் நாட்டு ப்ர்னோ நகர அலுவலகத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வரும் மாற்றங்களைச் சலித்தெடுப்பது பல வருஷமாக அவர் வேலை. "நேத்து ஓடினது இன்னைக்கும் ஓடணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்பார், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டுகூட.

அன்று அதே அலுவலகத்து இளம் புரோகிராமர் ராட்காவின் திருத்தம் வந்திருந்தது. மூன்று மாத உழைப்பு. வெள்ளிக்குள் அவர் ஒப்புதல் தராவிட்டால் அடுத்த வெளியீட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஃபோல்டரை உண்டாக்கச் சொல்லிப் புரோகிராம்கள் கெர்னலுக்கு விடும் பழைய அழைப்பு, வேலை முடிந்தால் பூஜ்யம் தரும். பிறகு ஃபோல்டரைத் தனியாகத் திறக்க வேண்டும். அதற்குள் எவனாவது புகுந்து அதை மாற்றிவைத்துவிடலாம். ராட்கா அந்த இடைவெளியை அடைத்துவிட்டாள். ஃபோல்டரை யார் யார் தொடலாம் என்று அழைப்போடு அனுப்பும் அனுமதி எண்ணில், கெர்னல் இதுவரை கவனிக்காத ஒரு பிட்டை, அதாவது ஒற்றை இலக்கக் குறியை, சேர்த்து அழைத்தால், உண்டாக்கிய கையோடு திறந்து, பூஜ்யத்துக்குப் பதில், திறந்த ஃபோல்டரைக் குறிக்கும் கைப்பிடி எண்ணைத் தரும். கெட்டிக்காரத்தனமான வேலைதான்.

"யாரும் கவனிக்காத இடமா? அங்கதாம்மா குப்பை சேரும்" என்றார் லுபோமிர், பக்கத்தில் வந்து உட்கார்ந்த ராட்காவிடம். தம்மிடமிருந்த பழைய காப்புப்பிரதி புரோகிராம் ஒன்றை அவளுடைய கெர்னலில் ஓட்டினார். ஃபோல்டர் உருவாகத்தான் செய்தது. ஆனால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் கைப்பிடி எண்ணாக மூன்று வந்ததும், புரோகிராம் 'முடியவில்லை' என்று புலம்பிவிட்டு நின்றுபோனது.

"வேண்டாத பிட்டை எதுக்கு அனுப்பறான்? எந்தப் புண்ணியவான் எழுதினது இது?" ராட்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"இத்தனை வருஷம் கெர்னல் கண்டுக்காம விட்டுச்சு. இப்போ திடீர்னு மதிச்சா அவன் என்ன பண்ணுவான்? புதுசா ஒரு அழைப்பு எழுது. தெரியாத பிட் வந்தா, அப்பவே பிழைன்னு திருப்பி அனுப்பிடு."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"போச்சு."

"மூணு மாசம், லுபோமிர்!" அவள் குரல் உடைந்தது.

ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கெர்னல் மின்மடல் குழுவுக்கு லுபோமிர் ஒரு கடிதம் அடித்தார்: 'இந்தத் தாமதம் ராட்காவால் அல்ல. வேண்டாத பிட்டை அனுப்பும் அந்தப் புரோகிராமை 1999இல் எழுதியவன் நான். எத்தனை பேர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கே தெரியாது.'

அனுப்பவில்லை. நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டு, படித்துப் பார்த்து அவளே அனுப்பட்டும் என்று மவுஸை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.