மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். என் வகுப்பில் ஒரு சிறுமி, சரியான வாயாடி. அவளுடைய அம்மா கணவரைப் பிரிந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டிருந்தார். அப்பாவுக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில்லில் வேலை. ஒருமுறை அவர் குடித்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பி விட்டாராம். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், பள்ளிக்கூடத்தில், டீச்சர் ஒருவர் கூட இருக்கும்போதுதான் அவர் மகளைப் பார்க்கலாம் என்று கோயமுத்தூர் கோர்ட்டில் உத்தரவாகிவிட்டது. அந்த டீச்சர் நான்தான்.

எங்கே உட்கார வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. "நடக்கறத ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க டீச்சர்" என்றார் அவள் அம்மாவின் வக்கீல், அவ்வளவுதான். நானும் பெரிய மனுஷியாகிவிட்ட மிதப்பில் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி அட்டை போட்டேன். என் வகுப்பறையிலேயே, இரண்டு பேருக்கும் நேர் எதிரே மேசையைப் போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. குடிகாரன் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் என் எதிரே அவர் ஒருநாளும் குடித்துவிட்டு வந்ததில்லை. இரண்டு பஸ் மாறி, சட்டையில் எண்ணெய் வாசத்தோடு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து கேட்டருகில் நிற்பார். ஒருமுறை கொய்யா, ஒருமுறை கண்ணாடி வளையல் கொண்டுவந்தார்.

குழந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாயே திறக்காது.

"கண்ணு, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசு கண்ணு" என்று கெஞ்சுவார். அவள் என்னைப் பார்ப்பாள். பிறகு தலையைக் குனிந்துகொள்வாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறவள் இங்கே ஊமையாகிவிட்டாள் என்றால் அப்பனை அறவே பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் நினைத்தேன்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைக்கு எம்மேல கோவமுங்களா?" என்று கிளம்பும்போது ஒருநாள் கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பினேன்.

ஆறு மாதமும் அழகான கையெழுத்தில் ஒரே வரிதான் எழுதினேன்: குழந்தை தந்தையுடன் பேசவில்லை. நோட்டு கோர்ட்டுக்குப் போனது. குழந்தைக்கு விருப்பமில்லை என்று சொல்லிச் சந்திப்பை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகும் அவள் வீட்டுக்குப் போகாமல் என் மேசையருகில் நின்றாள்.

"நாளைக்கு அப்பா வருவாருங்களா டீச்சர்?"

"இனி வரமாட்டாரு அம்மணி. நீதான் அவருகிட்டப் பேசவே இல்லியே."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "நீங்க நோட்டு வச்சிருந்தீங்கல்லங்க டீச்சர். பேசுனா பேர எழுதிப்போடுவீங்க. அப்பாவும் பேசுனாரு. அவருக்கும் அடி உழுமோன்னு பயமா இருந்துச்சுங்க."

வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரை எழுதி வைக்கச் சொல்வதும், எழுதிய பெயருக்கெல்லாம் பிரம்பால் இரண்டு போடுவதும் என் வழக்கம். வாயாடிக்கு அதில் நிறையவே கிடைத்திருக்கிறது. அதே அறையில், அதே மேசையில் நோட்டோடு உட்கார்ந்துகொண்டு, குழந்தை ஏன் பேசவில்லை என்று யோசித்திருக்கிறேன் நான்! என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "முடிஞ்சு போன கேசுங்க டீச்சர். எழுதிக் குடுத்தத இப்ப மாத்திச் சொன்னா, உங்க வேலைக்குத்தான் வில்லங்கம்" என்றார். நான் பயந்துவிட்டேன். காங்கேயத்துக்குப் போய் அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. மகளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற நினைப்போடேயே அவர் இருந்திருப்பார்.

அதன் பிறகு எந்தக் குழந்தை பெயரையும் நான் எழுதச் சொன்னதில்லை. ஆனால் அதனால் அவளுக்கு என்ன ஆகப்போகிறது? அந்த ஒரு மணி நேரம் நோட்டை மூடிவிட்டு நான் வெளியே வராந்தாவில் போய் நின்றிருந்தால் போதும், அவளுக்கு அப்பா இருந்திருப்பார்.