வைல்ட்கார்ட் கதிரை யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை, வேலை இடத்தில் மத்தியானச் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்துவிட்டுக் காத்து நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. மொன்றியலுக்கு அக்கரையில், புரோசார்டிலிருந்து சுரேஷ். சென்னைக்காரர். கணினி வேலை. சுகம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

"சார், மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. இந்த வாரம் வைல்ட்கார்டு எனக்கா, இல்ல அந்த யோகனுக்கா?"

என் மனசாட்சி அப்போது மைக்ரோவேவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த மீன்குழம்பில் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. இந்த முறை செயின்ட்-மிஷேலிலிருந்து அன்ரன் அண்ணை. அவருக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் அழுகிற நிலைமையில் இருந்தார்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது எழுதித் தொலைக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று சனம் நம்புகிறது. நானும் மறுத்துச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீட்வே என்றால் என்னவென்று தெரியுமா உங்களுக்கு?

எனக்கும் இரண்டு வருடத்துக்கு முன் தெரியாது. அது ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம். வண்டிக்கு பிரேக் கிடையாது. மண் பாதையில் நான்கு பேர், இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி, நான்கு சுற்று ஓடுவார்கள். ஒரு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பிறகு அடுத்த நான்கு பேர். பிரேக் இல்லாத வண்டியில் ஒரு மனிதன் எதற்காக ஏறுகிறான் என்று என் மனைவி கேட்டாள். சங்கக் கூட்டங்களுக்கு நான் எதற்காகப் போகிறேன் என்றும் அவள் கேட்டிருக்கிறாள்.

இந்தப் பந்தயத்தின் உலகப் போட்டியில் பதினைந்து பேருக்கு நிரந்தர இடம். புள்ளி எடுத்து வந்தவர்கள். பதினாறாவது இடம் மட்டும் பந்தயத்தை நடத்துகிற நாட்டின் கையில். அந்த நாடு தான் விரும்பியவரை இறக்கலாம். அவருக்குப் பெயர்தான் வைல்ட்கார்ட்.

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளூர்ப் பொடியன் ஒருவனுக்குக் கொடுப்பதா? அவன் கடைசியாக வருவான்... ஆனால் நம்முடைய பொடியன். அல்லது, போன வருடம் புள்ளி குறைந்து வெளியே நிற்கிற பெரிய வீரருக்குக் கொடுப்பதா? இன்டர்நெட்டில் ரசிகர்கள் இதற்காகப் பக்கம் பக்கமாகத் திட்டிக்கொள்கிறார்கள். சுரேஷ் அதையெல்லாம் பிரின்ட் எடுத்து, முக்கியமான வசவுகளுக்கு அடியில் கோடு போட்டு, ஒரு பைலில் சேர்த்து வைத்திருக்கிறார்.

மொன்றியல் தமிழர் இதற்குள் எப்படி வந்தோம் என்கிறீர்களா? ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரெக் என்று ஒரு போலந்துக்காரர் இருக்கிறார். அன்ரன் அண்ணையும் அவரும் ஒரே தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. மரெக்கின் பேஸ்மென்டில் சட்டிலைட் டிவி. ஐரோப்பாவில் சனிக்கிழமை இரவு நடக்கிற பந்தயம் எங்களுக்கு மத்தியானத்திலேயே வந்துவிடும். அன்ரன் அண்ணை ஒருநாள் போனார். அடுத்த முறை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் சுரேஷைக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் ஓர் இடத்துக்குப் போனால் தனியாகவா போவோம்?

கூட்டம் கூடியதும் மரெக் சட்டம் போட்டார். பேஸ்மென்டில் ஆறு மடக்குக் கதிரைகள். அவை நிரந்தர இடங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் ஆகிய நான்கு ஹெல்மெட்டுகளில் எது வெல்லும் என்று எல்லோரும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி.

ஏழாவதாக ஒரு கதிரை இருக்கிறது. பழுப்பு நிறத் தோல் போர்த்திய சாய்மனைக் கதிரை. பக்கத்தில் உள்ள பிடியை இழுத்தால் கால் இரண்டும் தானாக மேலே வரும். படிக்கட்டைக் கட்டுவதற்கு முன்னால் கீழே இறக்கிய சாமான். இனி வீட்டை இடித்தால்தான் வெளியே வரும். அதுதான் வைல்ட்கார்ட் கதிரை.

அந்தந்த முறை சாப்பாடு கொண்டுவருபவர்தான் 'நடத்துகிற நாடு'. அதில் யார் உட்காருவது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு. அன்றைக்கு வைல்ட்கார்டிடம் தோற்றுக் கடைசியாக வருகிற நிரந்தரக்காரர் தன் மடக்குக் கதிரையை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும்.

போன முறை அப்படி வெளியேறியவர் சுரேஷ். ஒவ்வொரு வீரரின் ஜாதகத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற மனிதர், தன் இடத்தை மரெக்கின் பல் வைத்தியரிடம் பறிகொடுத்தார். பல் வைத்தியர் அதுவரை ஸ்பீட்வேயைக் கண்ணால் கண்டதில்லை. இந்த அவமானத்துக்குப் பிறகு சுரேஷுக்கு நித்திரை இல்லை என்று கேள்வி. அவருக்கு மீளுவதற்கு இருந்த ஒரே வழி அந்தச் சாய்மனைக் கதிரை.

இந்த முறை நடத்துகிற நாடு அன்ரன் அண்ணை. அதாவது அவருடைய மனைவி புஷ்பம் அக்காவின் மட்டன் ரோல்ஸ். அவர் ரோல்ஸ் செய்கிற நாளில் நான் காலையில் சாப்பிடுவதில்லை.

சுரேஷுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இல்லை. அன்ரன் அண்ணையின் தங்கச்சி புருஷன் யோகன் மனைவியின் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து இறங்கி ஒன்றரை மாதம்தான் ஆகிறது. தங்கச்சிக்கு எப்படியோ காற்றுவாக்கில் செய்தி போய்விட்டது. அண்ணனின் கையில் ஓர் இடம் இருக்கிறது, அதை யாரோ சென்னைக்காரருக்குக் கொடுக்கப் போகிறார். அவ்வளவுதான். நேரே வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று கேட்டாளாம்.

"ஒரு நாடே இவரை உள்ளுக்கு விட்டிட்டுது. ஒரு கதிரையில விட உங்களுக்கு மனம் இல்லையோ அண்ணை?"

அதற்குப் பிறகுதான் அன்ரன் அண்ணை எனக்குப் போன் அடித்தார். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

சுரேஷின் பக்கமும் நியாயம் உண்டு. உறவு பார்த்து இடம் கொடுத்தால் திறமைக்கு என்ன மரியாதை என்று கேட்டார். தான் கனடாவுக்கே படிப்புக்கும் அனுபவத்துக்கும் பாயிண்ட்ஸ் எடுத்து வந்தவர் என்றும் சேர்த்துக்கொண்டார். இது யோகனின் காதுக்குப் போய், யோகனின் மனைவியின் காதுக்குப் போய், அங்கிருந்து கோயிலுக்குப் போய்விட்டது. பங்குத்தந்தையிடம் நியாயம் கேட்டார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டிகளுக்கு உண்மையிலேயே பிரேக் இல்லையா என்று மட்டும் விசாரித்தாராம்.

வெள்ளிக்கிழமை வரும்போது, ஸ்பீட்வே என்ற சொல்லையே கேள்விப்படாத நாலைந்து குடும்பங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. கதிரையைப் பற்றிக் கதைக்காதவர் யோகன் ஒருவர்தான். அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை அன்ரன் அண்ணை தன் வான் வண்டியில் வந்து என்னை ஏற்றினார். பின்சீட்டில் பாதி இடத்தை ரோல்ஸ் தட்டுகள் பிடித்திருந்தன. மிச்சத்தில் மூன்றாவது தட்டை மடியில் வைத்தபடி புஷ்பம் அக்கா எனக்கும் இடம் விட்டு ஒடுங்கி இருந்தார். வழமையாக அவர் வருவதில்லை. தட்டுகள் சரிந்துவிடும் என்று இந்த முறை கூட வந்தாராம். வெள்ளிக்கிழமை பொதி கட்டுகிற வேலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்திருக்கிறார். எனக்கு இது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. மணம் மட்டும்தான் பட்டது.

முன்சீட்டில் யோகன். வெள்ளைச் சேர்ட், கடும் நீலத்தில் டை, மடியில் ஒரு பைல். பைக் பந்தயம் பார்க்க டையா? புதிதாக வந்தவர், மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மரெக்கின் பேஸ்மென்டில் சுரேஷ் எங்களுக்கு முன்னமே வந்து, சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் அவருடைய பைல். இரண்டு பைல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மரெக் டிவியை நிறுத்திவிட்டு, நடத்துகிற நாடு தன் முடிவைச் சொல்லலாம் என்று அறிவித்தார். அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் ரோல்ஸைப் பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று சொல்லி, ஒரு ரோல்ஸ் சாப்பிடுகிற அளவுக்கு நேரம் எடுத்தேன்.

சுரேஷ் எழுதி வைத்ததை வாசித்தார். பிறகு யோகன் எழுந்தார். மரெக்குக்குப் பிரெஞ்சில் ஒரு போன்ஜூர் சொன்னார். பைலைத் திறந்து பள்ளிக்கூடச் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதம், இரண்டுக்கும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று மேசையில் வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, சம்பளம் மணித்தியாலத்துக்கோ, கிழமைக்கோ?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஓர் இடத்துக்காக இத்தனை பேர் இவ்வளவு அடிபட்டால் அது வேலையாகத்தானே இருக்க வேண்டும்? பாவம் மனுசன், செவ்வாய்க்கிழமையிலிருந்து நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்திருக்கிறார். இது டிவி பார்க்கிற கதிரை என்று நான்தான் சொல்ல வேண்டி வந்தது. இந்தப் பத்தியில் நான் சொன்ன எந்தப் பொய்யும் அந்த உண்மையைப் போல எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

யோகன் கோபப்படவில்லை. சான்றிதழ்களைப் பைலில் வைத்தார். டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு படியில் போய் இருந்தார்.

அப்படியானால் இடம் சுரேஷுக்குத்தான். அவர் கதிரையின் பிடியில் கையை வைத்துவிட்டார். அப்போது மேலே அடுப்பில் சூடாக்கிய கடைசித் தட்டோடு புஷ்பம் அக்கா படியிறங்கி வந்தார்.

"பொறுங்கோ," என்றார். "சாப்பாடு தாற ஆள்தானே இஞ்ச நாடு?"

அன்ரன் அண்ணை ஓம் என்றார்.

"மாக் கரைச்சது ஆர்? சுருட்டினது ஆர்? பொரிச்சது ஆர்?"

தட்டை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "அப்ப நாடு நான்தான். நான் என்னையே போடுறன்."

இதை மரெக்குக்கு மொழிபெயர்த்தேன். ஒரு நாடு தன்னைத்தானே இறக்க முடியுமா? மரெக் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். கூடாது என்று சட்டத்தில் இல்லை, ஆகவே செல்லும் என்றார். சுரேஷுக்குத் தாங்கவில்லை. ஸ்பீட்வே பற்றி உங்களுக்கு என்ன தெரியும் அக்கா என்று கேட்டார்.

"ஒண்டும் தெரியாது தம்பி. எனக்குக் கால் நோகுது."

சுரேஷ் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

எந்த ஹெல்மெட் என்று மரெக் கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் சிவப்பு எண்டு போடச் சொல்லுங்கோ. திருப்பித் திருப்பி என்னைக் கேக்க வேண்டாம்," என்றார் அக்கா. பிடியை இழுத்தார். கால் இரண்டும் மேலே வந்தன. முதல் ஓட்டத்துக்கு வீரர்கள் கோட்டில் வந்து நிற்கும்போதே நித்திரையாகிவிட்டார். லேசான குறட்டை.

மரெக் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சத்தமில்லாத ஸ்பீட்வே பார்த்திருக்கிறீர்களா? நான்கு பேர் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறக்கிறார்கள்... ஒரு மூச்சுப்பேச்சு இல்லை. மஞ்சள் ஹெல்மெட்காரர் சறுக்கி விழுந்தபோது பல் வைத்தியர் கத்த வாய் திறந்தார். சுரேஷே அவருடைய தோளைப் பிடித்து அமத்தினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கிழமையாகத் திறமையா, உறவா என்று எத்தனை பேர் தொண்டை கிழியக் கதைத்தோம்? விடியற்காலையிலிருந்து நிற்கிற ஒரு மனுஷிக்கு இருக்க ஒரு கதிரை வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் செய்த ரோல்ஸைத் தின்றுகொண்டே அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்திருக்கிறோம். அந்த மத்தியானம் என் தொண்டையில் இரண்டாவது ரோல்ஸ் இறங்க மறுத்தது. மூன்றாவது இறங்கியது.

இங்கேயே முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் மரெக் புள்ளிகளைக் கூட்டினார்.

அன்றைக்கென்று சிவப்பு ஹெல்மெட்டுகள் வென்று தள்ளியிருந்தன. முதலிடம் புஷ்பம் அக்கா. கடைசி இடம், இவ்வளவு நேரமும் உங்களோடு நியாயம் பேசிக்கொண்டிருக்கிற நான். சட்டப்படி என் மடக்குக் கதிரை அக்காவுக்கு. நானே அதைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தார்.

"உதில எப்பிடித் தம்பி நித்திரை கொள்ளுறது?"

நிரந்தர இடம் தனக்கு வேண்டாமாம். வைல்ட்கார்ட் போதுமாம். மரெக் என் கதிரையைச் சுரேஷிடம் கொடுத்தார். சுரேஷ் என்னைக் கட்டிப்பிடித்தார். பைலையும் எனக்கே தந்துவிட்டார், இனி உங்களுக்குத்தான் உதவும் என்று.

உதவியது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைப் படித்தேன். அனுபவசாலி ஒருவர் துரதிர்ஷ்டத்தால் வெளியே நின்றால் வைல்ட்கார்ட் அவருக்குத்தான் சேர வேண்டும் என்று அதில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு அறிவாளிகள்! அடுத்த பந்தயத்துக்கும் ரோல்ஸ் தான் வேண்டும் என்று மரெக் கேட்டிருப்பதாக அறிந்து, திங்கட்கிழமை புஷ்பம் அக்காவுக்குப் போன் பண்ணினேன். சுகம் விசாரித்தேன். அடுத்த முறை தட்டுகளை நானே தூக்குகிறேன் என்றேன். பிறகு மெதுவாக, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கோ அக்கா என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த முறையும் அந்தக் கதிரையில படுத்து எழும்பினாப் பிறகு சொல்லுறன் தம்பி," என்றார்.