தம்பிக்குக் கொடுத்த கிட்னி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்குக் கோவில்பட்டியில் என் தீப்பெட்டி ஆபீஸைத் தெரியாதவர் கிடையாது. எவரும் கைதூக்கி விடவில்லை. தம்பியின் இரண்டு கிட்னியும் பழுதானபோது சொந்தபந்தமெல்லாம் வாயை மூடிக்கொள்ள, என்னுடையதை எடுங்கள் என்று சொன்னவனும் நான்தான். மதுரையில் என்னைச் சோதித்த டாக்டர், இந்த வயதில் இப்படியொரு கிட்னியா என்று ஆச்சரியப்பட்டார். அதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

"கரிசல்ல கம்பும் சோளமும் தின்னு வளந்ததுலே. நூறு வருஷம் ஓடும்" என்று தம்பியிடமே சொல்வேன்.

சில மாதங்களில் அவனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. இரத்தத்தில் வைரஸ் என்றார்கள். அது என் கிட்னியோடு போனதுதான். பலருடைய உடம்பில் அது சின்ன வயதிலேயே புகுந்து சும்மா கிடக்குமாம். என்னிடம் அப்படித்தான் கிடந்திருக்கிறது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, தம்பியின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துக் குறைத்து வைத்திருந்தார்கள். அங்கே போனதும் வைரஸ் விழித்துக்கொண்டது. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழா வந்தது. பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு தம்பி காப்புக் கட்டினான். காப்புக் கட்டியவன் ஒருபொழுதுதான் சாப்பிட வேண்டும். கொடை முடிந்த பிறகும் வேண்டுதல் என்று விரதத்தை நீட்டிக்கொண்டே போனான். காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை கண்ணும் மங்கியது.

"மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போட்டேன் சார். சாப்பாட்டுக்குப் பொறவுன்னுதான சொன்னிய? ஒருநேரந்தான் சாப்பிட்டேன். அதான் ஒருநேரம் போட்டேன்."

டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அரைகுறை மருந்துக்கு வைரஸ் பழகிப்போனது. இனி அந்த மாத்திரைக்கு மசியாது. இன்னொரு மருந்து உண்டு, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. அது கிட்னியைக் கெடுக்கக்கூடும். ஏற்றாவிட்டால் ஆள் தப்புவது கஷ்டம்.

தம்பி தலையை ஆட்டினான். "வேண்டாம்ணே. அது உன்னுதுல்லா. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுத."

"சொன்னவன் நான். நீ ஏம்லே அதைச் சுமக்க? சார், ஏத்துங்க."

மருந்து ஏறிய நாட்களில், அவன் மூத்திரத்தை அளக்கும் ஜாடியை நர்ஸிடமிருந்து வாங்கி நானே தூக்கிப் பார்ப்பேன். ஆபீஸில் தீக்குச்சி மருந்துக் கலவையைக் கண்ணாலேயே எடைபோடுகிறவன் நான். அந்த ஜாடியில் அளவு கோடு கோடாக இறங்கியதும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. வைரஸ் அடங்கியது. அதற்குள் கிட்னி நின்றுபோனது.

இப்போது டயாலிசிஸுக்கு என் காரில்தான் போய்வருகிறான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த கரிசலையே பார்த்துக்கொண்டு வருவான். பஜாரில் பழைய ஆட்கள் யாராவது என்னை நிறுத்துவார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க கிட்னி எப்படி ஓடுது?"

"தம்பி இருக்கான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.