மாசானம் காத்த சர்க்கார் மீன்

ஆத்தூருக்கு மேற்கே ஒரு வயல்காட்டு ஊரில் மாசானம் குளத்துக் காவல்காரனாக இருந்தான். காக்கி உடுப்பைக் கண்டால் போதும், அவன் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். உலக யுத்தம் நடந்த காலம் அது, ஊரெல்லாம் மலேரியா. தூத்துக்குடியிலிருந்து வந்த சுகாதார அதிகாரி ஒருவர், மண்ணெண்ணெய்த் தகரத்திலிருந்து அரைவிரல் நீள மீன்களைக் குளத்தில் கவிழ்த்தார். "கொசுப்புழுவத் தின்னும். பத்திரமாப் பாத்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டான் புண்ணியவான். மறுநாளே ஒரு விரால் அந்தச் சர்க்கார் மீனை விழுங்குவதைக் கண்டு அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? கோடையில் தண்ணீர் வற்றியதும் ஆள் வைத்து விராலை எல்லாம் அரித்தெடுத்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டான். மிச்சமிருந்த கெண்டை, அயிரையின் முட்டையையும் குஞ்சையும் தகரத்தில் வந்த விருந்தாளிகள் கவனித்துக்கொண்டன. கொசுப்புழுவைவிட அதுதான் ருசியாக இருந்திருக்க வேண்டும். மழை வந்து குளம் பெருகியது, சர்க்கார் மீனும் பெருகியது, கொசுவும் குறைவில்லாமல் பெருகியது.

அவன் மனைவி சந்தனமாரிக்கு வேறு கவலை. மகள் பகவதிக்கு ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர் நயினார் வீட்டில் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்து நெருங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர்க் குளத்து மீனைத்தான் ஆக்கிப் போடவேண்டும். அது தவறினால் பெண்ணைக் காலத்துக்கும் குத்திக்காட்டுவார்கள்.

விருந்தன்று காலை எத்தனை தடவை வலை வீசினாலும் சர்க்கார் மீன்தான் வந்தது.

"புன்னைக்காயல்ல கடல்மீனாவது வாங்கிட்டு வாங்க" என்று கெஞ்சினாள் சந்தனமாரி.

"இதுவும் நம்ம குளத்து மீனுதான ஏளா. வழக்கம் எங்க தவறிச்சு?" என்றான் அந்த அறிவுக்கொழுந்து.

குழம்பு முழுக்க முள். நயினார் ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார்.

"இது என்ன மீனு சம்பந்தி?"

"கொசுவத் திங்குத மீனு. சர்க்கார் குடுத்தது" என்று மாசானம் நெஞ்சை நிமிர்த்தினான்.

நயினார் முழங்காலில் கடித்த கொசுவைப் பட்டென்று அடித்தார். "அப்ப நம்ம பந்தி முடிஞ்ச பொறவுதான் மீனுக்குப் பந்தியோ?"

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். பகவதி மட்டும் தலை நிமிரவில்லை.

புகுந்த வீட்டில் மருமகளைப் பிறந்த ஊரின் பெயரால் கூப்பிடுவார்கள். பகவதிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஆடிக்கு அவளை அழைத்துவரப் போன மாசானம் வாசலில் நிற்கும்போதே, "ஏளா கொசுமீன்காரி, ஒங்க அப்பா வந்திருக்காரு" என்று மாமியார் உள்ளே பார்த்துக் கூப்பிட்டது காதில் விழுந்தது. பாவி மனுசனுக்கு அன்றுதான் சுருக்கென்றது.

மகளோடு திரும்பி நடக்கையில், "அடுத்த கோடையில அந்த மீன ஒண்ணு விடாம அரிச்சு எறிஞ்சிருதேன் தாயி" என்றான்.

"எறிங்க" என்றாள் பகவதி. "எனக்கு வச்ச பேரு போயிருமாப்பா?"