அம்மா கழற்றிய சட்டை

எங்கள் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் புடவைக்கு மேலே ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். கரும்புத் தோகையை நாங்கள் சோகை என்போம்; அது ரம்பம் மாதிரி கையை அறுக்கும். என் அம்மாவுக்கு அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நானும்தான், ஏழாம் வகுப்பு வரைக்கும்.

அந்த மார்கழியில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கரும்புக் கொல்லையிலேயே வெட்டு நடந்தது. நான் சத்துணவுத் தட்டை மறந்து போன அன்று, அம்மா அதைக் கொண்டுவந்து வகுப்பு வாசலில் நின்று கொடுத்தாள். கடைத்தெருப் பிள்ளைகள் முதலில் சட்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“ஏன்டி, உங்கூட்ல ரெண்டு அப்பாவா?” என்றாள் ஒருத்தி.

“எந்த அப்பாடி சோறாக்கறாரு?” என்றாள் இன்னொருத்தி.

அதோடு என் பெயர் போய்விட்டது. ‘ரெண்டப்பா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கரும்பலகையில் புடவை கட்டிய உருவத்துக்கு மீசை வைத்தார்கள். டீச்சர் அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். எனக்கு வாய் திறந்து பேச வராது. வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். மறுவாரமும் அதே வயிற்றுவலி.

“இப்படியே படுத்துக்கினு இருந்தா படிப்ப நிறுத்திட்டு வெட்டுக்குக் கூட்டிக்கினு போயிடு” என்றார் அப்பா அம்மாவிடம். அதே பள்ளிக்கூடத்தில் படித்த என் தம்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு காலை அம்மா எனக்குத் தலைவாரிவிட்டு, “போம்மா, இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க” என்றாள்.

வகுப்பு ஜன்னல் வழியாகக் கொல்லை தெரிந்தது. பச்சைப் புடவையில், சட்டை இல்லாமல் அம்மா வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. சில நாட்களில் அவர்களுக்கு வேறொருத்தி கிடைத்துவிட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா எல்லார் வீட்டு அம்மாக்களையும் போல அழகாக இருந்தாள்.

அந்த முதல் நாள் சாயங்காலம் அவள் கைகளில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, சட்டை போடலியா?”

“புழுங்குதும்மா, அதான்.”

நம்பிவிட்டேன். மறுநாளும் ஜன்னல் வழியே பார்த்தேன். பனி விலகவில்லை. வரிசையில் மற்ற பெண்கள் எல்லாரும் சட்டையோடுதான் குனிந்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் புழுங்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.