குசினிச் சுவரில் கரிக்கோடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் கண்டியில் வீடுகளுக்கு மின்சார வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பா மடுல்கெல்லையில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எனக்குத் தோட்டத்தில் மனம் ஒட்டவில்லை. கொழும்புக்குப் போய் வயர் இழுக்கப் பழகிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த நாளில் கரண்ட் வந்த வீடுகளிலும் அது விளக்குக்கு மட்டும்தான். மெல்லிய கம்பி, சுவரோடு அடித்த நீள மரச்சட்டத்துக்குள் ஓடும்; மரப்பட்டை என்போம். விளக்குக்கு அது போதும்.

துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார். ஹந்தானையில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை விற்றிருந்தார். அதில் இவர் வாங்கியது ஒரு மின்னடுப்பு. மேலே சுருள்கம்பி வைத்த இரண்டு தட்டு, கீழே கதவு மூடி உள்ளே வேகவைக்கும் ஒரு சின்னப் போறணை. நாலு பேர் தூக்கிவந்து சமையல் நடக்கும் குசினி வாசலில் இறக்கியிருந்தார்கள்.

"விளக்கு வயர்லயே கொழுவி விடுங்க. அசர் தொழுகைக்கு முந்தி முடிச்சிடலாம்தானே?" என்றார்.

முடியாது என்றேன். வீட்டு விளக்கெல்லாம் சேர்ந்து இழுப்பதைவிட இது ஒன்றே பல மடங்கு இழுக்கும். அந்தக் கம்பி தாங்காது, சூடேறி மரப்பட்டை பற்றிக்கொள்ளும் என்று விளக்கினேன். மீற்றரிலிருந்து தடித்த கம்பியில் தனி லைன் வேண்டும், அதற்கென்று ஒரு பியூஸ் வேண்டும். அடுப்பின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு கம்பியை வெளியே மண்ணுக்குள் இறக்கவேண்டும். அவருக்கு முகம் வாடிவிட்டது.

"ஒரு அடுப்புக்கு இவ்வளவு வேலையா?"

"ஆமா முதலாளி. இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

பெண்கள் உள்ளறைக்குப் போனபிறகு குசினியை அளந்தேன். ஜன்னலடியில் வைத்தால் கம்பி குறைவாகச் செலவாகும். அதையே சொன்னேன். அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலாளியின் மனைவி.

"பாஸ், அந்த ஜன்னலடியிலதான் நான் மீன் கழுவுற. தரை காயிறதே இல்ல."

கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு எங்கே வைக்கலாம் என்று கேட்டேன்.

"நாளைக்கு வாங்க. காட்டுறேன்."

மறுநாள் போனபோது குசினியில் யாரும் இல்லை. தரையிலும் சுவரிலும் கரித்துண்டால் போட்ட கோடுகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்து போன கோடு, கழுவும் தண்ணீர் எட்டும் எல்லை. பின்கதவடியில் இன்னொன்று, மழைச்சாரல் அதுவரைக்கும் வரும். இரண்டுக்கும் வெளியே, அலுமாரிப் பக்கத்தில் ஒரு சதுரம். சுவரில் முதலாளியின் மனைவிக்குக் கை எட்டும் உயரத்தில், சுவிச்சுக்காக ஒரு பெருக்கல் குறி. எத்தனையோ வீடுகளுக்கு வயர் இழுத்திருக்கிறேன்; இப்படி ஒரு படத்தை எனக்கு ஒருவரும் தந்ததில்லை. சதுரம் இருந்த இடத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து கேள்விகள் வந்தன.

"எல்லாத்தையும் நிப்பாட்டுற பெரிய சுவிச் எங்க ஈக்கு?"

"முன்கூடத்துல, மீற்றர் பக்கத்துல."

"கூடத்துல ஆம்பளைங்க உக்காந்திருந்தா, நான் எப்படி வந்து நிப்பாட்டுற?"

கம்பிக்கு வசதியான இடம் எது என்றுதான் அதுவரை பார்த்திருந்தேன். அடுப்பை நிறுத்தும் சுவிச்சைக் குறிபோட்ட இடத்திலேயே வைக்கிறேன் என்றேன்.

"கரண்ட் ஆரையாச்சும் புடிச்சா?"

"ஆளத் தொடாதீங்க. மொதல்ல சுவிச்ச நிப்பாட்டுங்க."

தடித்த கம்பி கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுப்போடு வந்த வயரைக் கழற்றி என்னோடு எடுத்துப் போயிருக்கவேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் கடுகண்ணாவையிலிருந்து இரண்டு வியாபாரிகள் முதலாளியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். மின்னடுப்பில் தேத்தண்ணி போட்டுக் காட்டவேண்டும் என்ற ஆசை அவருக்கு. அடுப்பு வயரைக் குசினி விளக்கில் தானே கொழுவியிருக்கிறார். பியூஸ் இரண்டு தரம் போனது. மூன்றாம் தரம் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருக்கிறார். அதன்பின் பியூஸ் போகவில்லை. சுவரிலிருந்த மரப்பட்டைக்குள் றப்பர் கருகத் தொடங்கியது. கேத்தல் கொதித்துப் பொங்கித் தட்டின் சுருள்கம்பியில் வழிந்தது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றவர் அவசரமாகக் கேத்தலின் பிடியைப் பிடித்தார். கையை எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற மனைவி அவரைத் தொடவில்லை. திரையை விலக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார். வந்தவர்கள் இரண்டு பேரும் பெரிய சுவிச்சுக்கு அடியிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைச்சீலையை ஒரு கையால் பிடித்தபடி அவர்களுக்கு நடுவே புகுந்து, மற்றக் கையால் சுவிச்சை இழுத்து நிறுத்திவிட்டார்.

இதெல்லாம் அடுத்த நாள் காலை முதலாளியே என் வீட்டுக்கு வந்து சொன்னது. உள்ளங்கை வெந்து துணி சுற்றியிருந்தது. வாசலில் நின்றபடியே பேசினார்.

"நீங்க சொன்னதுக்கு நான் காது குடுக்கல்ல. இனி அவ கீறி வெச்ச மாதிரியே செஞ்சிடுங்க."

அந்த மனிதர்களுக்கு முன்னால் மனைவி வந்து நின்றதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. வயரைக் கழற்றாமல் வந்தது என் பிழை என்று நானும் சொன்னேன்.

கம்பி வந்ததும் மூன்று நாளில் வேலையை முடித்தேன். கருகிய மரப்பட்டையைப் பெயர்த்து எறிந்தேன். எர்த் கம்பியைப் பின்முற்றத்தில் ஆழமாக இறக்கினேன். அதற்கு எப்போதும் ஈரம் இருக்கும் இடம் வேண்டும் என்று முதலிலேயே கேட்டிருந்தேன். மீன் கழுவிய தண்ணீர் ஓடும் வடிகானின் ஓரத்தை முதலாளியின் மனைவிதான் சொன்னார். சோதித்துப் பார்த்துவிட்டுச் சுவிச்சைப் போட்டபோது தட்டு மெல்ல மெல்லச் சிவந்தது.

"இவ்வளவு சுணங்குமா?" என்றது திரைக்குப் பின்னால் குரல்.

"கொஞ்சம் சுணங்கும். ஆனா புகை இல்ல."

அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் சமைப்பது யார், எங்கே நின்று சமைப்பார் என்றுதான் முதலில் கேட்டேன். சில வீட்டு ஐயாமாருக்கு அது பிடிக்கவில்லை. கேட்பதை நான் விடவில்லை.

சில மாதம் கழித்து முதலாளியைக் கடைத்தெருவில் கண்டேன். கை ஆறியிருந்தது. பொழுதுபட்டால் போறணை சூடேறுவதில்லை என்று குறை சொன்னார். ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் கரண்ட் தளர்ந்துவிடும், என் வேலையில் கோளாறு இல்லை என்றேன்.

"அது அவளுக்குத் தெரியும்" என்றார். "விடிய சுபஹு தொழுதிட்டு அப்பவே கருப்பட்டி வட்டிலாப்பத்தப் போறணையில வெச்சிடுறா. சோறு மட்டும் இன்னம் விறகடுப்புலதான்."