ஷரிபுதீனின் மனிதவலு

சாய்ந்தமருது ஷரிபுதீனுக்குத் தெரிந்தது ஒரே தொழில். நெல் வெட்டுக்காலம் வந்தால் ஊர்ப் பொடியன்மாரைச் சேர்த்து, உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, சாகாமத்து வயல்களில் கொண்டுபோய் இறக்குவார். ஊரில் அதற்கு ஆள் பிடிப்பது என்று பெயர். வேறு பலரும் துவக்கோடு ஆள் பிடித்துத் திரிந்த யுத்த நாட்கள் அவை. ஒருமுறை சோதனைச் சாவடியில் என்ன தொழில் என்று கேட்டார்கள். ஆள் பிடிப்பது என்று உள்ளதைச் சொன்ன ஷரிபுதீன் பின்னேரம் வரை வெயிலில் குந்தியிருந்தார்.

சுனாமிக்குப் பிறகு கரையோர இடிபாடுகளை அகற்ற ஒரு நிறுவனம் வந்தது. அதன் அதிகாரி, "மனிதவலுவைத் திரட்டித் தருவது உங்கள் பொறுப்பு" என்றார். அந்தச் சொல்லில் ஷரிபுதீன் சொக்கிப்போனார். அதற்காக எவனும் வெயிலில் குந்தவைக்க மாட்டான். வீடிழந்து அவர் தங்கியிருந்த கூடாரத்தின் வாசலில் 'ஷரிபுதீன் மனிதவலு' என்று பலகை தொங்கியது.

"அப்படியெண்டா என்ன?" என்று மனைவி நதீரா கேட்டாள்.

"ஆள்தான்."

"அப்ப ஆள் எண்டே எழுதியிருக்கலாமே."

"ஆள் எண்டா காய்ச்சல் எண்டு படுப்பான், மாமிட வீட்டுக்குப் போவான். மனிதவலு அப்படிச் செய்யாது புள்ள."

முதல் நாள் மனிதவலுவின் முக்கியத்துவம் பற்றி அதிகாரி நண்பகல் லுஹர் பாங்கு வரை பேசினார். பிறகு படம் எடுத்தார்கள். இடிபாடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த கிழமை இன்னொரு நிறுவனம் வள்ளம் கொடுத்தது. ஷரிபுதீனிடம் வேலைக்கு வந்தவர்களெல்லாம் மீன்பிடிகாரர்; வள்ளத்தோடு போய்விட்டார்கள். ஷரிபுதீன் கடற்கரைக்கு ஓடினார்.

"நாளைக்குக் காசு குடுக்கிற வெள்ளைக்காரர் வாறாங்க. ஒருக்கா வந்து நில்லுங்கடா."

"நாங்க கடலுக்குப் போறம் காக்கா," என்றான் வள்ளம் கிடைத்த சப்ரி, அண்ணன் முறை வைத்து. "உங்கட மனிதவலுவக் கூட்டிப்போங்க."

மறுநாள் வெள்ளைக்காரர் வந்தபோது ஷரிபுதீன் மண்வெட்டியோடும் நதீரா கூடையோடும் நின்றார்கள்.

"எங்கே மனிதவலு?" என்றார் அதிகாரி.

"நாங்க ரெண்டு பேரும்தான் சேர். இவருக்கு இடுப்பு நோவு, அரைவாசியாக் கணக்கெடுங்க" என்றாள் நதீரா.

அதிகாரி அதைப் பெண்களின் பங்கேற்பு என்று மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் கைதட்டினார்கள்.

சில வருடங்களில் யுத்தம் முடிந்தது. சாகாமத்து வயல்களில் அறுவடை மெஷின் இறங்கியது; ஆள் தேடுவாரில்லை. கடலில் யுத்தகால மீன்பிடித் தடைகள் நீங்கியதும் ஷரிபுதீன் சப்ரியிடம் போய் வலை இழுக்கச் சேர்ந்தார். முதல் நாளே கைத்தோல் உரிந்தது. கரையில் மீன் பிரிக்கும்போது சப்ரி அவருக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தான்.